சீட்டு இல்லையா, மாத்திரை இல்லை: கோத்தகிரியில் ஒரு மருந்துக்கடை

கோத்தகிரியில் நான் மருந்து வாங்கும் கடைக்குக் கூகுளில் ஒற்றை நட்சத்திரங்கள் நிறைய. ஒருநாள் கரண்ட் இல்லாத சாயங்காலம் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். "முகம் கொடுத்துப் பேசமாட்டார்." "சில்லறை இல்லையென்றால் கத்துவார்." "காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் கேட்டால் சீட்டு கேட்கிறார், இது என்ன அமெரிக்காவா?" ஒருவர் "மனிதாபிமானம் இல்லாத மனிதர்" என்று எழுதி மூன்று ஆச்சரியக்குறி போட்டிருந்தார். எல்லாமே உண்மை. 2023 தொடக்கத்திலிருந்து மாதம் இரண்டு முறையாவது அந்தப் படி ஏறுகிறேன், இதில் ஒன்றைக்கூட மறுக்க மாட்டேன். ஆனாலும் என் கணக்கில் நாலு நட்சத்திரம். ஏன் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் இடம் வேண்டும்.

கடையின் பெயரைப் போடக்கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. "போட்டா கூட்டம் வரும், கூட்டம் வந்தா சீட்டைப் படிக்க நேரம் இருக்காது" என்றார். சரி, போடவில்லை.

பஸ் ஸ்டாண்டிலிருந்து மேலே ஏறும் ஒரு தெருவில், பேக்கரிக்கும் உரக்கடைக்கும் நடுவில் ஒடுங்கி நிற்கும் கடை. வாசலில் மூன்று படி, கைப்பிடி கிடையாது. ஐப்பசி மழையில் படியில் பாசி பிடித்துவிடும், பார்த்து ஏற வேண்டும். உள்ளே நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் தெருவில் குடை பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கடைக்காரருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஸ்வெட்டர், அதற்கு மேல் வெள்ளைக் கோட்டு, கோட்டில் பெயரும் பதிவு எண்ணும் போட்ட பட்டை, தலையில் குரங்குக் குல்லா. மருந்தாளுநர் வெள்ளைக் கோட்டு போட்டுப் பெயர்ப்பட்டை குத்தியிருக்க வேண்டும் என்று 2015-ல் வந்த விதி சொல்கிறது. குல்லாவைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

நிறையக் கடைகளில் சுவரில் ஒருவர் சான்றிதழ் தொங்கும், கவுன்டரில் வேறொருவர் நிற்பார். சான்றிதழை மாத வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். இங்கே சுவரில் இருக்கும் பெயரும் கோட்டில் இருக்கும் பெயரும் ஒன்று. மதியம் ஒன்றரைக்கு அவர் சாப்பிடப் போனால் ஷட்டர் பாதி இறங்கும். கடைப்பையன் உள்ளேதான் இருப்பான். சோப்பு, ஹார்லிக்ஸ், நாப்கின் கேட்டால் எடுத்துக் கொடுப்பான். மாத்திரை கேட்டால் "அண்ணன் வரட்டும்" என்பான். காத்திருந்து கால் மரத்துப்போன நாட்கள் எனக்கே உண்டு.

இதற்கு முன்னால் நாங்கள் வாங்கிய கடை இதற்கு நேர் எதிர். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன், நீலகிரிக்குள்தான். அந்தக் கடைக்காரரைப் போல ஒரு நல்ல மனிதரை நான் அதிகம் பார்த்ததில்லை. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். இலை பறிக்கும் பெண்கள் சம்பளத்துக்கு முந்தைய வாரம் வந்தால் நோட்டில் எழுதிக்கொண்டு மருந்து கொடுப்பார். பாதிப் பேரிடம் பிறகு கேட்கவும் மாட்டார். கோயில் அன்னதானத்துக்கு வருஷம் தவறாமல் அரிசி மூட்டை. காலையில் கடை திறந்தால் ஊதுவத்தி மணம் தெருமுனை வரை வரும். என்னை அக்கா என்பார், என் வீட்டுக்காரரை மாமா என்பார்.

வீட்டுக்காரர் இருபத்தேழு வருஷம் டீ ஃபேக்டரியில் டீ மேக்கர். கொழுந்து அதிகம் வரும் மாதங்களில் ராத்திரி முழுக்க சிமெண்ட் தரையில் நின்றே வேலை. ஓய்வு பெற்ற பிறகு முட்டி இரண்டும் பேச ஆரம்பித்தன. "மாமாவுக்கு முட்டி வலியா? இதுக்குப் போய் கோயமுத்தூர் வரைக்கும் எதுக்குக்கா அலையணும்? ரெண்டு செட் தர்றேன், போட்டுப் பார்க்கட்டும்" என்றார் அந்தத் தம்பி.

செட் என்றால் என்னவென்று மலையில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டாம். நியூஸ்பேப்பர் துண்டில் மடித்த பொட்டலம், வேளைக்கு ஒன்று. பிரித்தால் உள்ளே மூன்று உருப்படி: ஒரு நீள மாத்திரை, ஒரு கேப்ஸ்யூல், அப்புறம் சட்டைப் பொத்தானில் பாதி அளவுக்கு ஒரு குட்டி வெள்ளை. அட்டையிலிருந்து உரித்துப் போட்டிருப்பதால் எதற்கும் பெயர் கிடையாது. மூன்றாம் நாள் வீட்டுக்காரர் தடியில்லாமல் கேரட் பாத்திக்கு இறங்கிப் போய்விட்டு, தானே மேலே ஏறி வந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தம்பிக்குக் கேசரி கிண்டிக் கொடுத்தனுப்பினேன்.

எட்டு மாதம் அந்தப் பொட்டலம் ஓடியது. அவருக்குக் கன்னம் வைத்தது, முகம் உருண்டது. ஒரு கல்யாண வீட்டில் எல்லோரும், "ரிட்டயர்மென்ட் அவருக்கு நல்லா ஒத்துக்கிச்சு டீச்சர்" என்றார்கள். என் சமையல் என்று நினைத்து நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன். பிறகு ராத்திரியில் ஐந்து முறை எழ ஆரம்பித்தார். தீராத தாகம். கோவையில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை 348. டாக்டர் ரிப்போர்ட்டைவிட அவருடைய முகத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார். என்ன மாத்திரை என்று கேட்டார். கைப்பையில் இருந்த பொட்டலத்தைப் பிரித்து மேசையில் வைத்தேன். குட்டி வெள்ளையை மட்டும் பேனா முனையால் தனியே தள்ளி, "இது டெக்ஸாவாத்தான் இருக்கும், கடையில கேளுங்க" என்றார்.

டெக்ஸாமெத்தசோன். ஸ்டீராய்டு. விலை மிகக் குறைவு, வலியைச் சட்டென்று அமுக்கும். மாதக்கணக்கில் போட்டால் சர்க்கரையை ஏற்றும், ரத்த அழுத்தத்தை ஏற்றும், முகத்தை வட்டமாக்கும், எலும்பை உள்ளுக்குள் அரிக்கும். இன்னொரு கொடுமை, தெரிந்த அன்றே நிறுத்திவிடவும் முடியாது. வெளியிலிருந்து கிடைக்கிறதே என்று உடம்பு தன் பங்குக்குச் சுரப்பதை விட்டிருக்கும். வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் அதிலிருந்து வெளியே வந்தோம். நடுவில் சில மாதம் இன்சுலின் ஊசி.

கேட்கப் போனபோது அந்தத் தம்பி அழுதுவிட்டார். நடிப்பு இல்லை, முப்பத்தோரு வருஷம் பிள்ளைகளோடு இருந்தவளுக்கு நடிப்பு அழுகை தெரியும். "வலியில துடிச்சாரேக்கா, பார்த்துட்டு சும்மா இருக்க முடியல" என்றார். மறுநாள் வீட்டுக்கே வந்தார், ஒரு கூடை ஆரஞ்சோடு. சர்க்கரை 348 உள்ளவருக்கு ஆரஞ்சு! எட்டு மாதம் வாங்கிய காசை ஒரு கவரில் போட்டு மேசையில் வைத்தார். நாங்கள் தொடவில்லை. மருந்துக் கட்டுப்பாட்டு ஆய்வாளரிடம் எழுதிக்கொடு என்றான் மகன். எழுதவில்லை. அது சரியா தப்பா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அப்புறம்தான் இந்தக் கடை.

இந்தக் கடைக்காரரைப் பற்றி ஊரில் கேட்டால் நல்ல வார்த்தை வராது. அண்ணனோடு பட்டாத் தகராறு, பல வருஷமாகப் பேச்சில்லை. கோயில் வரி கேட்டு வந்தவர்களைப் படியிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிடுவார். என் நீதிபோதனை வகுப்பில் இருந்திருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன். தமிழ்ப் பாடத்தோடு வாரம் ஒரு பீரியட் நீதிபோதனையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். மார்க் இல்லாத பாடம். கோத்தகிரி மழையில் பி.டி. பீரியடும் அதிலேயே வந்து சேர்ந்துகொள்ளும், பிள்ளைகள் என்னைத் திட்டிக்கொண்டே நீதி கற்பார்கள்.

முதல் நாளே அவரோடு சண்டை. என் பி.பி. மாத்திரை தீர்ந்துபோயிருந்தது. ஆம்லோடிபின், ஐந்து மில்லிகிராம், ஒன்பது வருஷமாக அதேதான். காலி அட்டையை நீட்டினேன்.

"சீட்டு?"

"அட்டை இருக்கே."

"அட்டை சீட்டு இல்ல டீச்சர்." நான் டீச்சர் என்று யாரும் சொல்லவில்லை, குரலிலேயே தெரிந்திருக்கும் போல. "ஜி.ஹெச்.ல ஓ.பி. பன்னண்டு வரைக்கும் இருக்கும். இப்ப மணி பத்து. நடந்தா பத்து நிமிஷம்."

இருந்த பி.பி.யும் ஏறியதுதான் மிச்சம். வேறு வழியில்லாமல் போனேன். 160-க்கு 100. பாதி அந்த ஆள்மேல் வந்த கோபம் என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் டாக்டர் கேட்ட ஒரு கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை: கடைசியாக எப்போது அளந்தீர்கள்? அட்டையைக் காட்டிக் காட்டியே இரண்டு வருஷத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறேன். அட்டையைப் பார்த்தாலே தம்பி எடுத்துக் கொடுத்துவிடுவாரே. மாத்திரையை மாற்றி எழுதினார்கள்.

திரும்பி வந்து சீட்டைக் கொடுத்தேன். அப்போது அவர் அட்டை வெட்டிய விதத்தைக் கவனித்தேன். தொகுப்பு எண்ணும் காலாவதித் தேதியும் அட்டையில் ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். அவசரக் கடைகளில் கத்தரிக்கோல் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் வெட்டு. தேதி யார் வீட்டுக்கோ போய்விடும், மீதி மாத்திரை எப்போது காலாவதியாகும் என்று கடைக்காரருக்கே தெரியாது. இவர் அட்டையைத் திருப்பி, தேதி உள்ள ஓரத்தை இடது கையால் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து ஐந்து மாத்திரையை வெட்டினார். தேதியோடு மீதி அட்டை டப்பாவுக்குள் போனது. எனக்கு வந்த துண்டு ஒரு பழுப்புக் கவருக்குள் போனது. கவரின் மேல் மருந்தின் பெயர், தொகுப்பு எண், காலாவதி மாதம், "காலை 1" என்று பேனாவால் எழுதினார். என் மாணவர்கள் பலருடையதைவிட நல்ல கையெழுத்து. ஒரு அட்டையும் ஐந்து மாத்திரையும் வாங்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. வந்தவர் பலகையில் எத்திக்ஸ், மொராலிட்டி என்று இரண்டு கட்டம் போட்டு, வித்தியாசம் சொல்லுங்கள் என்றார். யாரும் சொல்லவில்லை, அதற்குள் டீ வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து தேடினால் வேடிக்கையாக இருந்தது. பிறப்பில் இரண்டும் ஒன்றுதான். ஈதோஸ் என்றால் கிரேக்கத்தில் குணம், பழக்கம். அதிலிருந்து வந்த சொல்லை லத்தீனுக்குக் கொண்டுவர நினைத்த சிசரோ, கி.மு. முதல் நூற்றாண்டில், வழக்கம் என்று பொருள்படும் மோஸ் என்ற சொல்லை எடுத்து மொராலிஸ் என்று புதிதாக ஒன்று செய்தார். ஆக ஒன்று மற்றதன் மொழிபெயர்ப்பு. பிறகு வந்தவர்கள் இரண்டையும் இழுத்துப் பிரித்தார்கள். நல்லது கெட்டது என்று ஒருவர் தன் மனசுக்குள் வைத்திருப்பதை மொராலிட்டி என்றும், ஒரு தொழிலில் இருக்கிறவர்கள் நாம் எல்லோரும் இப்படித்தான் நடக்க வேண்டும் என்று வகுத்துக்கொண்டதை எத்திக்ஸ் என்றும் இப்போது பேச்சில் சொல்கிறோம். தத்துவம் படித்தவர்கள் இந்தப் பங்கீட்டை ஏற்க மாட்டார்கள். அவர்களுக்கு எத்திக்ஸ் என்பது ஒழுக்கத்தைப் பற்றிய ஆராய்ச்சி. நான் மருந்துக்கடைக்குப் போகிறவள், எனக்கு இது போதும்.

தமிழில் இரண்டுக்கும் சொல் இருக்கிறது. ஒழுகு என்பதிலிருந்து ஒழுக்கம், ஒருவரிடமிருந்து தானாக வருவது. நெறி என்றால் வழி, பலர் நடந்து நடந்து உண்டானது. அந்தத் தம்பியிடம் ஒழுக்கம் வழிந்தது. வலியில் ஒருவரைப் பார்த்தால் கை தானாக டப்பாவுக்குப் போனது. அந்தக் கையைப் பிடித்து நிறுத்த ஒரு நெறி இருந்திருந்தால் என் வீட்டுக்காரர் சர்க்கரைக்கு ஊசி போட்டிருக்க மாட்டார்.

இந்தக் கடையில் அந்த நெறி ஒரு தடித்த நோட்டு வடிவத்தில் இருக்கிறது. எச்1 என்று அரசு போட்ட மருந்துப் பட்டியல் ஒன்று, 2014 மார்ச்சில் 46 மருந்துகளோடு அமலுக்கு வந்தது. சில ஆன்டிபயாடிக், காசநோய் மருந்து, பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் போடும் ஆல்பிரசோலம் மாதிரியான மாத்திரைகள் எல்லாம் அதில் சேர்த்தி. அதில் ஒன்றை விற்றால் எழுதிய டாக்டர் யார், வாங்கியவர் யார், எத்தனை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அவர் வைத்திருக்கிறார். மே மாத சீசனில் கீழேயிருந்து கார்க்காரர்கள் வருவார்கள், வளைவில் வாந்திக்கு மாத்திரை கேட்டு. அதில் ஒருவர் கூடவே தூக்கத்துக்கும் ஒரு அட்டை மாத்திரை கேட்டார். சீட்டு இல்லை. இரண்டு மடங்கு பணம் தருகிறேன் என்றார், பிறகு ஒரு ஸ்டார் போடுவேன் என்றார். "போடுங்க. வாந்தி மாத்திரைக்கு இருபத்தி ரெண்டு ரூபா" என்றார் இவர். மூன்று ஆச்சரியக்குறி யாருடையது என்று எனக்கு ஓரளவு தெரியும்.

வீட்டுக்காரருக்கு இன்சுலின் ஓடிக்கொண்டிருந்த மாதங்களில் ஒரு காலை. மருந்து கேட்டேன், இல்லை என்றார். கவுன்டருக்குக் கீழே "விற்பனைக்கு அல்ல" என்று எழுதிய அட்டைப்பெட்டியில் பத்துப் பன்னிரண்டு இன்சுலின் குப்பிகள் கிடந்தன, எல்லாம் புதுசு.

"இது என்ன?"

"ராத்திரி ஃப்ரிட்ஜ் மக்கர் பண்ணிடுச்சு. காலைல பார்த்தா மைனஸ் ரெண்டு."

"இப்ப உருகிடுச்சே."

"உருகிடுச்சு. அதனாலதான் பொட்டியில இருக்கு."

கோத்தகிரிக் குளிரில் ஃப்ரிட்ஜ் எதற்கு, ஊரே ஃப்ரிட்ஜ்தானே என்று நாங்கள் கேலி பேசுவோம். திறக்காத இன்சுலினை இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் வைக்க வேண்டும். சூடு எப்படிக் கெடுதலோ, உறைவதும் அப்படித்தான், உறைந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். உருகிய பிறகு பார்த்தால் பல சமயம் வித்தியாசமே தெரியாது. யாருக்கும் தெரியாது என்பதுதான் விஷயம். நான் ஒரு குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன், தெளிவாகத்தான் இருந்தது. ஃப்ரிட்ஜுக்குள் ஒரு தெர்மாமீட்டர், கதவில் நூலில் கட்டிய ஒரு சின்ன நோட்டு. காலையும் மாலையும் அளவு எழுதுகிறார். அன்றைய வரியில் "-2" என்று எழுதி வட்டம் போட்டிருந்தார். அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டிருந்தால் அவருக்கு ஆயிரக்கணக்கில் நஷ்டம் இல்லை, எனக்குக் குன்னூர் பஸ்ஸுக்கு அலைச்சல் இல்லை.

உங்கள் மனசாட்சிக்கு ஒரு கும்பிடு என்றேன். முகத்தைச் சுளித்தார். "மனசாட்சி கினசாட்சி எல்லாம் இல்ல டீச்சர். லைசென்ஸ்ல என் பேர் இருக்கு." பாராட்டை வாங்கிக்கொள்ளவும் தெரியாத மனிதர்.

அடுத்ததைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் வெட்கம் இருக்கிறது, தப்பு என் பக்கம்.

போன வருஷம் ஒரு சாயங்காலம், பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பெண் வந்தாள். யார், எந்தப் பக்கம், எத்தனை வயது, எதுவும் எழுத மாட்டேன். துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்ததைக் கவுன்டரில் வைத்து விரலால் மூடியபடி தள்ளினாள். அவர் படித்தார். நானும் எட்டிப் பார்த்துவிட்டேன், விடைத்தாள் திருத்திய கண்ணுக்குத் தலைகீழாகவும் படிக்க வரும். கருத்தரிக்காமல் இருக்க அவசரத்துக்குப் போடும் மாத்திரை. என் முகம் எப்படி மாறியது என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. "டீச்சர், உங்க மருந்து எடுக்க நேரமாகும், வெளிய பெஞ்சுல உக்காருங்க" என்றார். என் மருந்து அவர் கையிலேயே இருந்தது.

வெளியே உட்கார்ந்தேன். கண்ணாடி வழியே பார்த்தால் அவர் முகம் எனக்குப் பாராசிட்டமால் கொடுக்கும்போது இருக்கும் அதே முகம். கவரில் ஏதோ எழுதினார். ஏதோ கேட்டார், அவள் தலையாட்டினாள். இரண்டு நிமிடத்தில் போய்விட்டாள்.

லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் மாத்திரைக்கு டாக்டர் சீட்டு தேவையில்லை, சட்டமே அனுமதிக்கிறது. 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஆனால் தமிழ்நாட்டில் அதைக் கேட்டுப் பாருங்கள், பல கடைகளில் வாங்கி வைப்பதே கிடையாது. வைத்திருந்தாலும் மேலும் கீழும் பார்த்துவிட்டு இல்லை என்பார்கள். பனியில் நடுங்கிக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. சீட்டு இல்லாமல் தராதே என்று சட்டம் சொல்லும் ஸ்டீராய்டை இரக்கப்பட்டு அள்ளிக் கொடுக்கிறோம். சீட்டு இல்லாமலே தரலாம் என்று சட்டம் சொல்லும் மாத்திரையை ஒழுக்கம் பேசி மறுக்கிறோம். இரண்டு இடத்திலும் கவுன்டரில் உட்கார்ந்திருப்பது கடைக்காரரின் சொந்த மனசு.

அவள் போன பிறகு கேட்டேன், உங்களுக்கு இது சரியாகப் படுகிறதா என்று. கேட்டிருக்கக் கூடாது.

"எனக்குச் சரிப்படாதுதான். என் பொண்ணா இருந்தா வீட்ல திட்டுவேன். கவுன்டருக்கு இந்தப் பக்கம் நான் யாருக்கும் அப்பா இல்ல." கொஞ்சம் நிறுத்தி, "நீங்களும் இங்க டீச்சர் இல்ல, டீச்சர்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது, அடங்க இரண்டு நாள் ஆனது. இந்த ஊரில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மனசுக்கு மாத்திரை, யாருக்குப் பிள்ளை இல்லையென்று மருந்து போகிறது என்று எல்லாம் தெரிந்த ஆள் இவர் ஒருவர்தான். மூன்று வருஷத்தில் ஒருவருடைய மருந்தைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல் நான் கேட்டதில்லை. என் வீட்டுக்காரர் ஊசி போட்டுக்கொண்டது என் நாத்தனாருக்கே இன்றுவரை தெரியாது. அந்த நல்ல தம்பியின் கடையில் எல்லோருடைய நோயும் எல்லோருக்கும் தெரியும். அன்பாகத்தான் விசாரிப்பார், சத்தமாக.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. அட்டையில் போட்ட விலைதான், பத்து இருபது சதவீதத் தள்ளுபடி எல்லாம் கிடையாது. டாக்டர் ஒரு கம்பெனி பெயரை எழுதியிருந்தால் அதே மருந்தை வேறு கம்பெனியில் மலிவாக மாற்றிக் கொடுக்கவும் மாட்டார், விதி இடம் கொடுக்கவில்லை என்பார். ஆனால் மாதம் இரண்டாயிரத்துக்கு மேல் பில் வருகிறவர்களிடம் அவராகவே, "அடுத்த தடவை டாக்டர்கிட்ட மருந்தோட பொதுப்பேரை எழுதச் சொல்லுங்க, மக்கள் மருந்தகத்துலயோ முதல்வர் மருந்தகத்துலயோ பாதி விலைக்கும் கம்மியா கிடைக்கும்" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். முதல்வர் மருந்தகங்கள் 2025 பிப்ரவரியில் வந்தன, அதற்கு முன்னால் மக்கள் மருந்தகம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். தன் வியாபாரத்தைத் தானே கீழே அனுப்புகிறார், அதையும் எரிச்சலோடுதான் சொல்வார்.

இனி அந்த ஒரு நட்சத்திரம் ஏன் போனது என்று.

ஒரு மழைநாள், தலையில் வெள்ளைத் துணி கட்டிய ஒரு பாட்டி வந்தார். கையில் இருபது ரூபாய் நோட்டு, நாலாக மடித்தது.

"முட்டி வலிக்கு ஒரு செட் குடு தம்பி."

"செட் எல்லாம் இங்க இல்ல. பாராசிட்டமால் வேணும்னா தர்றேன். இல்லன்னா ஜி.ஹெச். போங்க."

"அது கேக்காது தம்பி."

"அப்ப நான் ஒண்ணும் பண்ண முடியாது. அடுத்தது யாரு?"

அவ்வளவுதான். கொடுக்காதது சரி, நூற்றுக்கு நூறு சரி, என்னைவிட அது யாருக்குத் தெரியும். ஆனால் ஏன் கொடுக்கவில்லை என்று ஒரு வார்த்தை? அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை என்ன செய்யும் என்று ஒரு நிமிடம்? உட்காருங்க பாட்டி என்று ஒரு சொல்? அது எந்த விதியிலும் இல்லைதான். பாட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு, பாசிப் படியில் பக்கவாட்டாக ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினார். நான் பின்னாலேயே போனேன். என் வீட்டுக்காரர் கதையைச் சொன்னேன், கன்னம் வைத்ததையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். என் கையைத் தட்டி, "உனக்கு நல்ல மனசு கண்ணு" என்றார். பிறகு தெருமுனை திரும்பி வேறொரு கடையில் ஏறினார். மூன்று நிமிடத்தில் முந்தானையில் எதையோ முடிந்துகொண்டு இறங்கி வந்தார்.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது இது. மனசாட்சியை ஒரு ஆள் தனியாக வைத்துக்கொண்டு காலம் தள்ளலாம். நெறியைத் தனியாக வைத்துக்கொண்டால் பாதிதான் வேலை செய்யும். தெருவில் ஒரு கடை மறுத்து அடுத்த கடை கொடுத்தால், மறுத்தவர் பெயருக்கு ஒரு ஒற்றை நட்சத்திரம் கூடும், பாட்டியின் முட்டிக்கு ஒன்றும் மாறாது. இதை அவரிடமும் சொன்னேன். "அதுக்கு நான் என்ன பண்ண, அடுத்த கடைக்காரனையும் நானே பார்த்துக்கணுமா?" என்றார். கேள்வி நியாயம்தான். பாட்டியிடம் பேசிய விதத்தைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கவுன்டருக்கு இந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்திருக்கிறது. என் பேச்சால் வந்ததா, பேக்கரிக்காரர் கழித்துப் போட்டதா என்று விசாரிக்கவில்லை. ஒரு கால் ஆடுகிறது.

போகிறவர்களுக்கு: காலை ஒன்பதுக்குத் திறக்கும், இரவு எட்டரைக்கு மூடும். மதியம் ஒன்றரை முதல் இரண்டேகால் வரை மாத்திரை கிடையாது. ஞாயிறு மதியம் வரைதான். மழை வலுத்தால் நெட்வொர்க் போய்விடும், ஜிபே வேலை செய்யாது, சில்லறை கொண்டுபோங்கள். கேரி பேக் கேட்காதீர்கள், மாவட்டத்திலேயே கிடையாது, துணிப்பை எடுத்துப் போங்கள். சீட்டின் தேதியைப் பார்ப்பார். பழசாக இருந்தால் வாக்குவாதம் செய்து பயனில்லை, நான் செய்து பார்த்துவிட்டேன். பத்து மணிக்குள் போனால் ஜி.ஹெச்.சுக்கு நடந்து போய்த் திரும்பிவர நேரம் இருக்கும்.